கேஸ் நிரப்புவதற்கு முன்னால்

அன்பு மாப்ளே செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். ரொம்ப சந்தோஷம். முட்டி வலியைப் பற்றி இரண்டே வரி, கார் ஏசியைப் பற்றி இரண்டு பக்கம்! நீ மாறவே மாட்டாய். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது என் நரைமுடியை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஏசிக்கு வருகிறேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது காற்று நின்றுபோகிறது என்று எழுதியிருக்கிறாய். மெக்கானிக் 'கேஸ் கம்மி, நிரப்பிவிடலாம்' என்று சொன்னாராமே, அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதே. குளிர்ச்சி வராதது வேறு, காற்றே வராதது வேறு. குளிரை உண்டாக்குவதுதான் கேஸும், அதை அழுத்தி ஓட்டுகிற கம்ப்ரஸரும். காற்றை ஊதுகிறது ப்ளோயர் மோட்டார். அது பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், காலடிப் பக்கம் இருக்கும். கேஸ் மொத்தமும் போன வண்டியிலும் ப்ளோயர் நன்றாக இருந்தால் காற்று வரும். ஜில்லென்று வராது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் காதைக் கொடு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து, விசிறியை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று திருப்பிப் பார். மூன்று வரை மூச்சில்லாமல் இருந்து நான்கில் மட்டும் சீறிக்கொண்டு வந்தால், மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள். குறைந்த வேகத்துக்கெல்லாம் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது; முழு வேகத்தில் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். (டிகிரி போட்டுவிட்டால் தானே பார்த்துக்கொள்கிற வண்டிகளில் இந்தக் கணக்கு செல்லாது. உன்னுடையது திருகுகிற பழைய ரகம், நல்லதாகப் போயிற்று.) ரெசிஸ்டரை மாற்றும்போது அதில் செருகியிருக்கிற கனெக்டரையும் கழற்றிக் காட்டச் சொல். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் மட்டும் கருத்து, அதைச் சுற்றி உருகி இறுகியிருந்தால் புது ரெசிஸ்டர் மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை. மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கனெக்டரை மாற்றி, மோட்டாரையும் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணிலும் சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே பார். ஃபியூஸ் நன்றாக இருந்தும் ஓடவில்லை என்றால், விசிறியை ஆனில் வைத்து மோட்டாரின் உடம்பில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டு. சட்டென்று ஓட ஆரம்பித்தால், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகிற கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஆம்பியரில் ஒன்றைச் செருகுகிற வேலை மட்டும் வேண்டாம். ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், ஒயர் எரிந்துபோகும்.

இதெல்லாம் பொதுவாகச் சொன்னேன். ஆனால் நீ எழுதியதில் ஒரு வரி வேறு கதை சொல்கிறது. கிளம்பும்போது ஜில்லென்று வருகிறது, ஒரு மணி நேரம் ஓட்டியதும் காற்று குறைந்துகொண்டே போய் நின்றுவிடுகிறது, வண்டியை நிறுத்தி இளைப்பாறிவிட்டு ஏறினால் பழையபடி வருகிறது என்கிறாய். விசிறிச் சத்தமும் கேட்கிறதாம். எனக்கென்னவோ காற்றைக் குளிர வைக்கிற கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது என்றுதான் படுகிறது. காற்றில் இருக்கிற ஈரம் காயிலில் பட்டுத் தண்ணீராகி, குழாய் வழியாகக் கீழே சொட்ட வேண்டும். காயில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் அந்தத் தண்ணீர் தகடுகளுக்கு நடுவிலேயே உறைந்துவிடும். அப்புறம் ப்ளோயர் என்ன ஊதினாலும் சுவரில் ஊதுகிற மாதிரிதான்.

சோதிப்பது சுலபம். அடுத்த தடவை காற்று குறையும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, விசிறியை நான்கிலேயே விட்டு ஓட்டு. கால் மணி நேரத்துக்குள் காற்று ஈர வாடையோடு திரும்பி வந்து, நிறுத்தினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக ஒழுகினால் ஐஸேதான். பட்டனை அணைப்பது பெரிய காரியமா என்காதே. 1940-இல் பேக்கார்ட் கம்பெனி முதன்முதலாகக் காரில் ஏசி வைத்துக் கொடுத்தபோது அதை நிறுத்த பட்டனே கிடையாது. இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப்போய் கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

ஐஸ் கட்டுவதற்கு முதல் சந்தேகம், உள்ளே வருகிற காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் மேல்தான். தூசி அடைத்துக் காற்று போதாமல் போனால் காயில் அளவுக்கு மேல் குளிரும். அதை நீயே கழற்றிப் பார்க்கலாம். அடுத்தது காயிலில் இருக்கிற சென்சார். உறையப்போகிறது என்று அது சொன்னால்தான் கம்ப்ரஸர் நிற்கும். மூன்றாவதாகத்தான் கேஸ். ஆமாம், கொஞ்சம் குறைந்தாலும் காயிலில் அழுத்தம் இறங்கி, கேஸ் இருக்கிற இடம் மட்டும் உறைந்துபோகும். ஆக உன் மெக்கானிக் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருளில்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அதுவும் அதே ஓட்டை வழியாகப் போய்விடும். 'எங்கே கசிகிறது?' என்று கேள். பதில் வரவில்லை என்றால் வண்டியை வேறு ஆளிடம் காட்டு.

ஃபில்டரைக் கழற்றியதும் அது எந்த நிறத்தில் இருந்தது என்று எழுது. அடுத்த மாதம் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாயே, அதற்குள் இதை முடித்துவிடு. வழியெல்லாம் தங்கச்சி என்னைத்தான் திட்டிக்கொண்டு வருவாள்.

உன்,
பாலு