எங்கள் எரிவாயுக் கலனை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

மக்கும் குப்பையிலிருந்து சமையல் வாயு தரும் எங்கள் கலன் மீண்டுவிட்டது. அடுப்பு மீண்டும் எரிகிறது, நல்ல நீலச் சுடருடன். கலனுக்குள் அமிலம் மிகுந்து வாயு நின்றுபோனதும் அதன்பின் நடந்தவையும் உங்களுக்குத் தெரியும். அவற்றை மறுபடி எழுத மனம் வரவில்லை. நன்றியைத் தள்ளிப்போடவும் மனம் வரவில்லை.

பக்கத்து நகரத்தில் இதேபோன்ற எரிவாயு நிலையத்தில் வேலை செய்யும் அந்த அண்ணனுக்கு முதல் நன்றி. நாங்கள் அவரை அழைக்கவே இல்லை. எங்கள் கலன் புளித்துப்போன செய்தியைக் கேள்விப்பட்டு, இரவுப் பணி முடிந்த கையோடு, அவர்கள் கலனிலிருந்து வடித்த கரைசலைக் கேன்களில் எடுத்து வந்தார். அடுப்பில் எரியும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும், அந்தக் கரைசலில் வாழும் நுண்ணுயிரிகளுக்குக் காற்று ஆகாது என்பதால் கேன்களைக் கழுத்துவரை நிரப்பியிருந்தார். ஊறும் வாயு வெளியேற மூடியை மட்டும் சற்றே தளர்த்தியிருந்தார். ஒவ்வொரு கேனையும் கோணிப்பையால் சுற்றியிருந்தார். தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு. 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் அந்த நுண்ணுயிரிகள் சுறுசுறுப்பாக இருக்கும். வழியில் குளிர்ந்துவிடக் கூடாதே என்று, கைக்குழந்தையைப் போர்த்துவதுபோல் குப்பைக் கரைசலைப் போர்த்திக் கொண்டுவந்த அந்த அக்கறையை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

"இப்போதைக்கு ஒரு வாளி குப்பைகூடப் போடாதீர்கள், இருக்கிற அமிலம் முதலில் தீரட்டும்" என்றார். சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக விடச் சொன்னார். அமிலம் கூடக்கூடக் குறையும் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே கிடந்தது. அது 7-ஐ நெருங்கும்வரை தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இதில் ஒரு காசு ஆதாயமில்லை.

வாசலிலேயே தரம் பிரித்து வாங்கிய தூய்மைப் பணியாளர் அக்காக்கள், கலன் ஓய்ந்திருந்தபோது வந்த மக்கும் குப்பையைக் காய்ந்த சருகோடு அடுக்கி உரக்குவியலாக்கிய இளைஞர்கள், குவியலின் சூடு 55 டிகிரியைத் தொட்டதா என்று இரவிலும் வந்து பார்த்தவர்கள், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டார் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. உங்களால் ஒரு வண்டிகூடக் குப்பைமேட்டுக்குப் போகவில்லை.

அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன். காற்றுப் புகாத அடியாழத்தில் அழுகி, அதே மீத்தேன் வானத்துக்குப் போயிருக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கலனுக்குள் பிறந்தாலோ சோறு பொங்குகிறது. மிஞ்சும் கரைசல் மண்ணுக்கு உரமாகிறது. இவ்வளவு பெரிய வேறுபாடு ஒரு வாளியைப் பிரித்துக் கொட்டுவதில் தொடங்குகிறது என்பது இந்த நாட்களில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் கலன் இனி எல்லோருக்கும் பொது. எந்த ஊரில் எவருடைய கலன் நின்றுபோனாலும் தயங்காமல் கேளுங்கள். எத்தனை கேன் கரைசல் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கொண்டுவந்து ஊற்றுவது எங்கள் பொறுப்பு.