சேதனப் பசளையின் மேல் பழி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வளர்ந்துவரும் நாடுகளும் நிலைபேறான அபிவிருத்தியும் பற்றிய உங்கள் தலையங்கத்தில், சேதன விவசாயம், அதாவது இரசாயனம் போடாத இயற்கை விவசாயம், இலங்கையில் தோற்றுப்போனது என்று ஒரு வரி வந்திருந்தது. முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக வரப்பில் நின்றவன் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. சேதனப் பசளைக்கு மாறப் பத்து வருட அவகாசம் என்றுதான் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனம் சொன்னது. பத்து வருட வேலையை ஒரே போகத்தில் முடிக்கச் சொன்னது மண்ணின் மேல் இருந்த அக்கறையால் மட்டும் என்று நான் நம்பவில்லை. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள். அரசின் வருமானம் விழுந்தது, வெளியே கடன் எடுக்கும் வழி அடைபட்டது, கொரோனாவில் சுற்றுலாவும் படுத்தது. பசளைக்கு ஆண்டுக்கு 40 கோடி டொலர் போகிறது என்று அரசாங்கமே அப்போது கணக்குச் சொன்னது. டொலர் இல்லாத தட்டுப்பாட்டுக்குச் சுற்றாடல் என்று பெயர் வைத்தார்கள்.

கமக்காரரைக் கேட்டிருந்தால் ஒரு சின்னக் கணக்கில் விளங்கியிருக்கும். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அவ்வளவையும் நல்ல கூட்டெருவிலிருந்து எடுக்க ஒரு தொன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் மெதுவாகத்தான் பயிருக்குப் போய்ச்சேரும். அந்தப் பெரும்போகத்தில் எங்கள் பக்கத்து வயல்கள் மஞ்சளாகிக் கிடந்ததைப் பார்த்து வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

அப்புறம் அந்தச் சீனக் கப்பல். 20,000 தொன் சேதனப் பசளையோடு வந்த 'ஹிப்போ ஸ்பிரிட்' சரக்கின் மாதிரியில் பயிருக்குக் கேடான பக்டீரியா இருப்பதாக நமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் அறிக்கை கொடுத்தார்கள், இறக்க விடவில்லை. சரக்குக்குப் பணம் கொடுக்கவில்லை என்று சீனத் தூதரகம் நமது அரச வங்கியான மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில், இறக்காத சரக்குக்காக நாம் ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கொடுத்தோம். ஆனாலும் ஆய்வுகூடத்தில் இருந்த அந்த அதிகாரிகள் அசையவில்லை. பெரிய நாட்டுக்கு முன்னால் இந்தச் சின்ன நாடு நிமிர்ந்து நின்ற இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். தடை போடுமுன் அதே ஆட்களின் சொல்லை அமைச்சரவை கேட்டிருக்கக் கூடாதா?

நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள்; விதைப்பு முடிந்திருந்தது. நெல்லில் தன்னிறைவு என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டுக்கு 2022 மே மாதம் சென்னையிலிருந்து நிவாரண அரிசிக் கப்பல் வந்தது. வாங்கிச் சாப்பிட்டோம், அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

எனக்குப் பெரிய கவலை வேறு. எங்கள் ஊரில் ஒருவர், தடைக்கு முன்பே, யாரும் சொல்லாமல் இரண்டு ஏக்கரில் மாட்டெருவும் பசுந்தாளும் போட்டு, யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். நான்கைந்து போகம் நன்றாகவே எடுத்தார். இன்று கமக்காரர் கூட்டத்தில் அவர் வாய் திறந்தால் 'கோட்டாவின் பசளை' என்று சிரிக்கிறார்கள். இப்போது அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. இன்னொரு தலையங்கம் எழுதுமுன் உங்கள் நிருபர் ஒருவரை அப்படிப்பட்ட ஒருவரின் வயலுக்கு அனுப்புங்கள். அவர் எந்த வருடம் எவ்வளவு குறைத்தார், எத்தனை மூடை கண்டார் என்று கேட்டு அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
வவுனியா.