மலைப்பாதையில் வெயிலும் கொல்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலையேற்றத்தில் யாராவது இறந்தால் விஷவாயு, பாம்பு, மர்மம் என்றுதான் பேச்சு ஓடுகிறது, வெயிலை யாரும் நினைப்பதில்லை. 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சியரா தேசிய வனத்தில் ஒரு தம்பதி, அவர்களின் ஒரு வயதுக் குழந்தை, வளர்ப்பு நாய் எல்லோரும் பாதையிலேயே இறந்து கிடந்தார்கள். உடலில் காயம் இல்லை. பழைய சுரங்கத்து வாயுவா, ஆற்றில் இருந்த நச்சுப்பாசியா, மின்னலா என்று இரண்டு மாதம் தேடிய பிறகு, அக்டோபரில்தான் தம்பதியும் குழந்தையும் கடும் வெப்பத்தால் இறந்ததாக அறிவித்தார்கள். அந்தக் குழந்தையை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

காலையில் இறங்கும்போது இதமாக இருந்திருக்கும், ஆனால் திரும்பி ஏற வேண்டிய சரிவில் 2018 காட்டுத்தீயில் மரங்கள் கருகிப்போனதால் நிழலே இல்லை, வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது, கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்துவிட்டது. உடல் சூடு ஏற ஏற புத்தியும் குழம்பிவிடும், அதனால் திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றாமல் போகலாம்.

கோடையில் மலையேற்றம் பற்றிக் கட்டுரை போடும்போது தயவுசெய்து ஏறும் பக்கம் நிழல் உண்டா, வழியில் நல்ல தண்ணீர் கிடைக்குமா, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்