பெயர்ப்பலகைக்கு ஒற்றைப் பாம்பு போதும்

பீடோங், கெடா, மலேசியா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிள்ளானில் நீ திறக்கப்போகும் கிளினிக்கின் பெயர்ப்பலகைப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பச்சை நிறம் நன்றாக இருக்கிறது. உன் பெயரோடு டாக்டர் என்று பார்த்ததும் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் பெயருக்கு மேலே பலகைக்காரர் போட்டிருக்கும் சின்னத்தைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படத்தில் ஒரு கோல், அதில் பின்னிய இரண்டு பாம்பு, உச்சியில் ஒரு ஜோடிச் சிறகு. அது மருத்துவத்துக்கு உரிய சின்னம் இல்லை பாப்பா. கிரேக்கர்களின் ஹெர்மிஸ் கையில் பிடித்திருக்கும் கோல் அது. ஹெர்மிஸ் தேவர்களுக்குத் தூது போகிறவன். வியாபாரிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அவன்தான் துணை, திருடர்களுக்கும் அவன்தான். இறந்தவர்களின் ஆவியைக் கீழுலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலையும் அவனுடையதே. நோயாளி நுழைகிற வாசலுக்கு மேலே அந்தக் கோலை மாட்டலாமா, நீயே சொல்.

மருத்துவத்தின் தடி அஸ்கிலிப்பியஸுடையது. அப்போலோவின் மகன், கிரேக்கர்களின் வைத்தியக் கடவுள். கரடுமுரடான ஒரு தடி, அதைச் சுற்றி ஒரே பாம்பு, சிறகு கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 1948-இல் தனக்குச் சின்னம் தேர்ந்தெடுத்தபோது ஐ.நா. சின்னத்தின் மேல் இந்தத் தடியைத்தான் வைத்தது. ஆம்புலன்ஸில் நீலநிற ஆறுமுனை நட்சத்திரம் இருக்குமே, அதன் நடுவில் பார். அங்கேயும் ஒரு பாம்புதான்.

பிறகு எப்படி இந்தக் குழப்பம் என்று கேட்பாய். ஐரோப்பாவில் பழைய அச்சகக்காரர்கள் சிலர் செய்தி கொண்டுபோகிறவனின் கோல் என்று ஹெர்மிஸின் கோலைத் தங்கள் புத்தகங்களில் முத்திரையாகப் போட்டார்கள். மருத்துவப் புத்தகங்களிலும் அது ஏறியது. 1902-இல் அமெரிக்க ராணுவத்தின் மருத்துவப் பிரிவு அதையே சட்டைக் காலரில் குத்திக்கொண்டது. அப்புறம் மருந்து விற்கிறவர்கள், கருவி விற்கிறவர்கள் என்று எல்லாரும் அதைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்கள். உன் பலகைக்காரரும் கம்ப்யூட்டரில் தேடி, முதலில் கிடைத்ததை எடுத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அஸ்கிலிப்பியஸுக்கு எபிடாரஸ் என்ற ஊரில் பெரிய கோயில் இருந்தது. நோயாளிகள் அங்கே போய் இரவு படுத்துத் தூங்குவார்கள். கனவில் கடவுள் வந்து வைத்தியம் பார்ப்பார் என்று நம்பிக்கை. விஷமில்லாத பாம்புகளைக் கோயிலுக்குள்ளேயே வளர்த்தார்கள். குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், அந்தக் கற்கள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்றுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒருவனுக்குக் கால்விரலில் ஆறாத புண். கோயில் ஆட்கள் அவனை வெளியே தூக்கிவந்து உட்கார வைக்கிறார்கள். அவன் அப்படியே தூங்கிப்போகிறான். உள்ளிருந்து ஒரு பாம்பு வந்து அந்த விரலை நக்கிக் குணமாக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. விழித்தவன், அழகான இளைஞன் ஒருவன் விரலில் மருந்து போட்டதாகக் கனவு கண்டேன் என்கிறான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்த என்னிடம் கால்விரல் புண்ணோடு எத்தனை பேர் வந்திருப்பார்கள்! இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பதே தெரியாமல், முள் குத்தியதும் தெரியாமல், வெறுங்காலோடு ரப்பர் பால்மரக்காட்டில் நடந்தவர்கள். வாடை வந்த பிறகுதான் வருவார்கள். கழுவிக் கட்டுப் போட்டு, நாளைக்கு வா என்பேன். மறுநாள் வேலை இருக்கிறதே என்று வராமல் இருந்துவிடுவார்கள். நான் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருக்கிற லயத்துக்கே போய்க் கட்டு மாற்றுவேன். சிலருக்கு விரல் போனது, சிலருக்குக் கணுக்கால் வரை போனது. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தைய அந்தக் கல்வெட்டுக்காரனை எனக்கு நேரில் தெரிந்த மாதிரியே இருக்கிறது. அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிப்பு நீர் என்று யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கு வரை பார். எத்தனை பேர் வரிசையில் காத்திருந்தாலும் பார்.

பாம்பு ஏன் என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். தோலை உரித்துவிட்டுப் புதிதாக வருகிறது, நோய் தீர்ந்து எழுகிறவனும் அப்படித்தான் என்பது ஒன்று. இன்னொன்று உன் கொள்ளுப்பாட்டிக்குத் தெரிந்த விஷயம். நரம்புச் சிலந்தி என்று ஒரு புழு. குளத்துத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய், ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். இழுத்தால் அறுந்துவிடும். அதனால் ஒரு குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, நாள்கணக்கில் எடுப்பார்கள். ஊரில் பார்த்ததாகப் பாட்டி சொல்லியிருக்கிறார். அந்தக் குச்சியும் புழுவும்தான் இந்தத் தடியும் பாம்பும் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த ஊகம். பொறுமையில்லாதவன் அந்த வேலையைச் செய்ய முடியாது. 2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் அந்தப் புழு ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

மூன்றாவது காரணம், பாம்பின் விஷமே மருந்தாவது. அது நம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் கெடா தோட்டங்களில் மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்று சொல்கிற விரியன் உண்டு. சருகோடு சருகாகக் கிடக்கும், ஆள் கிட்டே வந்தாலும் நகராது. இருட்டில் பால் வெட்டப் போகிறவர்கள் மிதித்துவிடுவார்கள். அப்படிக் கடிபட்டவர்களைப் பினாங்குப் பொது மருத்துவமனையில் கவனித்துப் பார்த்தவர் டாக்டர் அலிஸ்டர் ரீட். அவர்களின் ரத்தம் நாள்கணக்கில் உறையாமலே இருப்பதை 1960-களில் எழுதி வைத்தார். அந்த விஷத்திலிருந்து ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆன்க்ராட் என்ற மருந்து வந்தது. நம் தோட்டத்து ஜனங்களின் காலில் இறங்கிய விஷத்திலிருந்து ஒரு மருந்து! இதைக் கல்லூரியில் உனக்குச் சொன்னார்களா? அம்மா தினமும் போடுகிற பிரஷர் மாத்திரையின் வம்சமும் இப்படித்தான். பிரேசில் நாட்டு விரியனின் விஷத்தை ஆராயப் போய் காப்டோபிரில் செய்தார்கள், 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அம்மாவின் பெரிண்டோபிரில் அதற்குத் தங்கை முறை.

சின்ன வயதில் உன்னைப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குக் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே சீனர்கள் கும்பிடுகிற சோர் சூ கோங் நோய் தீர்த்த ஒரு துறவி. காட்டுப் பாம்புகளுக்கு இடம் கொடுத்தவர் என்றும் சொல்வார்கள். வைத்தியனும் பாம்பும் சேர்ந்திருப்பது கிரேக்கர்களுக்கு மட்டும் தோன்றியது இல்லை.

அம்மா என் பேச்சை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுத வேண்டும். அவளுக்கு இரண்டு பாம்புதான் பிடித்திருக்கிறது. மாரியம்மன் கோயில் அரசமரத்தடியில் பின்னிப் பிணைந்து நிற்கிற நாகக்கல்லுக்கு, நீ வயிற்றில் வருவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றினவள் அவள். அந்தக் கல்லை நான் எப்படிக் குறைத்துப் பேசுவேன்? பின்னிய இரட்டைப் பாம்பு ஹெர்மிஸுக்கும் முந்தியது. இன்றைய ஈராக்கில் இருந்த லகாஷ் நாட்டு அரசன் குடேயாவின் கல் கிண்ணத்தில், நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே அது இருக்கிறது. கிண்ணம் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில். ஆனால் பலகையில் சிறகு முளைத்து நிற்பது நம் நாகக்கல் இல்லை, தூதன் கோல். அம்மாவின் திருப்திக்கு உன் மேசைக்குப் பின்னால் நாகம்மாள் படம் ஒன்று மாட்டு. அவளே கொண்டுவருவதாகச் சொல்கிறாள்.

பக்கத்துக் கடையில் உன் தோழி மருந்தகம் திறக்கிறாள் அல்லவா, அவளுக்குத் தடி வேண்டாம். கிண்ணமும் அதைச் சுற்றிய பாம்பும் போதும். அது அஸ்கிலிப்பியஸின் மகள் ஹைஜியாவுடையது, மருந்தகங்களின் சின்னம். மாட்டு டாக்டர்கள் தடியோடு ஆங்கில 'வி' எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பல் மருத்துவம் படிக்கிற உன் தம்பியிடம் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சின்னத்தைக் காட்டினேன். சூடு போடுகிற பழைய கோலில் ஒற்றைப் பாம்பு, பின்னால் இலையும் காயும். அதில் 32 இலை, 20 காய். பெரியவர்களின் பல்லும் குழந்தைகளின் பால் பல்லும். அவன் இலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

பலகைக்காரரிடம் இப்படிச் சொல். சிறகை எடுத்துவிட வேண்டும். ஒரு பாம்பு, தலை மேல்பக்கம். தடி வழவழப்பான கம்பி மாதிரி வேண்டாம், மரத்திலிருந்து வெட்டிய தடி மாதிரிக் கணுவோடு இருக்கட்டும், நோயாளி வீடு தேடி நடந்து போகிறவனின் கைத்தடி அது. இதற்குக் கூடுதல் காசு கேட்டால் அப்பா தருகிறேன். மாற்றிய படத்தை வெல்டிங்குக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு. தைப்பூசம் முடிந்து வருகிற வாரம் நாங்கள் கிள்ளானுக்கு வருகிறோம், பஸ் டிக்கெட்டைத் தம்பி பார்த்துக்கொள்வான்.

அன்புடன்,
அப்பா