பதில் சொன்னவர்களுக்கும் கேட்கக் கற்றுத் தந்தவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளின் உடல்நலமும் வாழ்க்கை நிலையும் எப்படி இருக்கின்றன என்று நாங்கள் எடுத்துவந்த கணக்கெடுப்பில் களவேலை முடிந்துவிட்டது. அறிக்கை வர நாளாகும். அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி நன்றி போட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில், பதில் சொன்னவர்களுக்கு. முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு, தனியாகக் குளிக்க முடிகிறதா, கழிப்பறைக்குப் போக யார் உதவுகிறார்கள், படுக்கைப் புண் வந்ததுண்டா என்றெல்லாம் கேட்டால் யாருக்குத்தான் வாய் திறக்கத் தோன்றும்? அதிலும் உங்களில் பலரிடம் இதற்கு முன்பே யார் யாரோ படிவம் நிரப்பிப் போயிருக்கிறார்கள், அப்புறம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கோபத்தை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னீர்கள். மருத்துவர் உங்களிடம் பேசாமல் கூட வந்தவரிடமே பேசுவது, பரிசோதனைக் கட்டிலில் ஏறவே முடியாத உயரம், டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது காதில் விழாமல் முறை தவறிப்போவது என்று நீங்கள் சொன்னவற்றில் பாதி எங்கள் வினாத்தாளில் இல்லாதவை. ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்தோம், அவைதான் இப்போது அறிக்கையின் பெரிய பகுதியாக ஆகிக்கொண்டிருக்கின்றன.

மாற்றுத்திறனாளிகளின் ஆயுள் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை குறையக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 அறிக்கையில் சொன்னது. உலகில் 6 பேரில் ஒருவர், அதாவது சுமார் 130 கோடிப் பேரைப் பற்றிய பேச்சு இது. அந்த இடைவெளிக்குக் குறைபாடு மட்டுமே காரணமில்லை, எட்டாத கட்டிலும் காதில் விழாத டோக்கனும் கூடத்தான் காரணம் என்பதை உங்கள் பதில்களைப் படிக்கும்போது மறுக்க முடியவில்லை.

அடுத்து, வினாத்தாளைச் செதுக்கித் தந்த ஆலோசனைக் குழு நண்பர்களுக்கு. "உங்களுக்கு ஊனம் உண்டா?" என்று கேட்டால் காது மந்தமான பெரியவர் "இல்லையே, வயசாச்சு, அவ்வளவுதான்" என்பார், கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். ஊனம் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழுவின் 6 கேள்விகளையே வைக்க வேண்டுமென்று நீங்கள் நின்றது அதனால்தான். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, பேசிப் புரியவைப்பது: இவற்றில் சிரமம் இல்லையா, கொஞ்சமா, மிகவுமா, அறவே முடியாதா என்று மட்டும் கேட்பவை அவை. அதோடு விடாமல், இந்த ஆறில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் சிக்காது, அவற்றுக்கும் தனியாகக் கேளுங்கள் என்று மனநலச் சிகிச்சையில் இருக்கும் தோழி ஒருவர் கூட்டத்துக்குக் கூட்டம் வலியுறுத்தினார். உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி, தோழி.

களத்தில் கேள்வி கேட்டவர்களில் பலரும் மாற்றுத்திறனாளிகளே. திரைவாசிப்பான் கேள்வியைப் படிக்க, அதைக் காதில் வாங்கிக்கொண்டே எதிரில் இருப்பவரின் குரலில் வரும் தயக்கத்தையும் கவனித்த பார்வையற்ற நண்பர்களை நினைத்தால் இப்போதும் வியப்புதான். காது கேளாதவர்களிடம் காது கேளாதவர்களே சைகை மொழியில் பேசினார்கள், தேவைப்பட்ட இடங்களில் மொழிபெயர்ப்பாளர்களும் வந்தார்கள், அவர்களில் சிலர் ஊதியமே வாங்கவில்லை. அது சரியில்லை என்பது என் கருத்து, அடுத்த கணக்கெடுப்பின் நிதித் திட்டத்தில் அதற்கு முதலிலேயே பணம் ஒதுக்கச் சொல்லி எழுதிவிட்டேன்.

குடும்பத்தாரே, பராமரிப்பாளர்களே, "அவருக்கு என்ன தெரியும், நானே சொல்லிடறேன்" என்று தொடங்கிவிட்டு, நாங்கள் கேட்டுக்கொண்டதும் தள்ளிப் போய் உட்கார்ந்தீர்களே, அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் எதிரில் சொல்லத் தயங்கிய வலியைப் பலர் தனியாக இருந்தபோதுதான் சொன்னார்கள். உங்கள் முதுகுவலி, தூக்கமின்மை பற்றியும் எழுதியிருக்கிறோம்.

தரவைச் சரிபார்த்துப் பெயர், முகவரி எல்லாவற்றையும் நீக்கித் தந்தவர்களுக்கும் நன்றி.

அறிக்கை தயாரானதும் எளிய நடை, ஒலிப்பதிவு, பிரெய்ல், சைகை மொழிக் காணொளி என்று நான்கு வடிவிலும் பதில் சொன்னவர்கள் கைக்கே முதலில் வரும். படித்துப் பாருங்கள், தவறாக எழுதியிருந்தால் சொல்லுங்கள், திருத்திய பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்போம்.

அன்புடன்,
கணக்கெடுப்புக் குழுவின் சார்பில்