ஞாயிற்றுக்கிழமை ஃபோட்டோகிராஃபர்களுக்கு ஒரு மாடலின் திறந்த மடல்

சென்னையில் வார இறுதிகளில் மாடல் ஷூட் நடத்தும் புகைப்படக் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும், அதில் காசு கட்டிக் கலந்துகொள்ளும் அண்ணன், தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு உங்களில் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "மேம், சண்டே காசிமேட்டுல ஒரு கொலாப். மார்னிங் அஞ்சரை. காட்டன் சேலை, பூப் போட்டது வேண்டாம். உங்க போர்ட்ஃபோலியோவுக்கும் யூஸ் ஆகும்." கொலாப் என்றால் பணம் கிடையாது என்று அர்த்தம். என் போர்ட்ஃபோலியோவில் ஒன்பது வருடப் படங்கள் கிடக்கின்றன. மீன் கூடைக்குப் பக்கத்தில் சேலை கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கிற படம் மட்டும் ஆறு. பதில் போடாமல் விட்டுவிட்டேன். அப்படி விட்டது மரியாதையாகப் படவில்லை. அதனால் அவருக்கான பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் வயது 37. சூளையில் குடியிருக்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தவள், ஒன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தனியார் ஓவிய வகுப்புகளில் மாடலாக நிற்பேன். மீதி நாட்களில் ஆன்லைன் சேலைக் கடைகளின் கேட்டலாக், மேக்கப் ஆர்டிஸ்டுகளின் முகூர்த்த லுக், எப்போதாவது நகை. யாராவது கேட்டால் அம்மா "ஃபோட்டோ கம்பெனியில வேலை" என்பார். வீட்டுக்காரம்மாவைப் பொறுத்தவரை நான் டெய்லரிங் டீச்சர்.

ஓவிய வகுப்பில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் கேட்கப்போவதெல்லாம் அந்த அறையிலிருந்து எடுத்ததுதான்.

நடுவில் ஒரு மேடை இருக்கும். பாதி இடங்களில் அது பழைய மர டேபிள், மேலே ஒரு ஜமக்காளம். முதலில் வேக வேகமாகச் சின்ன போஸ்கள், அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று. குனிவது, குடம் தூக்குவது, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்புவது. மாணவர்கள் அப்போது மூக்கு, கண் எல்லாம் வரைவதில்லை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் கரியால் இழுப்பார்கள். அப்புறம் நீள போஸ். இருபது நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் ரெஸ்ட், மறுபடி அதே இடத்தில் அதே போஸ். நான் இறங்குவதற்கு முன் ஆசிரியர் என் பாதங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார். கோட்டுக்குள் காலை வைத்தால் பாதம் மட்டும்தான் பழைய இடத்துக்கு வரும். இடுப்பும் தோளும் கழுத்தும் திரும்பி வருவதற்கு எனக்கு இரண்டு வருடப் பழக்கம் தேவைப்பட்டது.

ஒரு காலில் எடையைப் போட்டால் அந்தப் பக்க இடுப்பு ஏறும், தோள் இறங்கும். எழும்பூர் மியூசியத்தில் வெண்கல அம்மன்கள் நிற்பது அப்படித்தான். பார்க்க ஒய்யாரமாக இருக்கும். எட்டாவது நிமிடத்தில் அந்தக் குதிகால் எரிய ஆரம்பிக்கும். முட்டியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். முதல் மாதத்தில் எனக்கு வந்தது, ஒரு பையன் படம் வைத்து வரைந்துகொண்டிருந்த ஸ்டாண்டு மேலேயே விழுந்தேன். அவன் பதறியது எனக்காகவா படத்துக்காகவா என்று இன்றுவரை தெரியாது. கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தால் மூன்று நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், அதனால் தூக்கிய கை சின்ன போஸுக்கு மட்டும். கண்ணுக்கு ஒரு புள்ளி வேண்டும். என்னுடையது சுவிட்ச் போர்டில் மூன்றாவது சுவிட்ச். அதைப் பார்த்தபடி மனசுக்குள் மளிகைக் கணக்கு போட்டுக்கொண்டிருப்பேன்.

(துணி இல்லாமலா என்று கேட்க நினைப்பவர்களுக்கு: நான் நிற்பது சேலையில். மடிப்பு வரையக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது. துணியில்லாமல் நிற்பவர்களும் உண்டு. அதுவும் இதே வேலைதான், இன்னும் கொஞ்சம் குளிரும்.)

அந்த அறையில் சில பழக்கங்கள் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. சுவரில் கடிகாரம் ஓடும், நேரம் முடிந்தால் ஆசிரியரே "ரெஸ்ட்" என்பார். வகுப்பு நடக்கும்போது வெளியாள் உள்ளே வர முடியாது. யாரும் செல்போனை எடுக்க மாட்டார்கள். யாரும் என்னைத் தொட மாட்டார்கள். கை கொஞ்சம் இறங்கியிருந்தால் "மேடம், இடது கை, ரெண்டு விரக்கடை மேலே" என்று வாயால்தான் சொல்வார்கள். எனக்கு முடியவில்லை என்றால் முடியவில்லை, அதற்கு மேல் கேள்வி கிடையாது. கிளம்பும்போது பணம் கவரில் வந்துவிடும். பெரிய தொகை இல்லை. ஆனால் பஸ் ஏறும்போது யாரிடமோ கடன் வாங்கியதுபோலவும் இருக்காது, கொடுத்ததுபோலவும் இருக்காது.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு. 1977-இல் அடையாற்றுத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதிலிருந்து அப்படியே நிற்கிறதே, பெசன்ட் நகர் பக்கம் உடைந்த பாலம், அங்கே குரூப் ஷூட். வந்தவர்கள் 14 பேர், தலைக்கு 800 ரூபாய். மொத்தம் 11,200. எனக்குப் பேசியது எடிட் செய்த நான்கு படங்கள், காலை டிபன். மேக்கப் போட வந்த பெண்ணுக்கும் அதே நான்கு படங்கள்தான்.

காலை ஐந்தரையிலிருந்து பத்து மணி வரை. அங்கே பாத்ரூம் கிடையாது. அது தெரியும் என்பதால் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். மூன்று சேலை மாற்ற வேண்டும், மாற்றியது காருக்குள், ஜன்னலில் இரண்டு துப்பட்டாவைச் செருகிக்கொண்டு. எட்டு மணிக்கு மேல் ரிஃப்ளெக்டர் வந்தது. வெள்ளித் தகட்டில் பட்டு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், கண்ணீர் வடியும், மை கரையும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று எண்ணி, "திற" என்ற உடனே எடுத்தால் பிரச்சினையே இல்லை. அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பயிற்சிக் கட்டணம் வாங்கியவர் நிழலில் இருந்தார்.

14 கேமரா என்றால் 14 பக்கம் பார்க்க வேண்டும். "மேம், இங்க." "மேம், ஒன் லாஸ்ட்." வந்தவுடன் எல்லோருக்கும் நான் மேம், எட்டு மணிக்கு "இங்க பாரும்மா", ஒன்பது மணிக்கு "அந்தப் பொண்ணைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு". அப்போதுதான் ஒருவர் சேலை மடிப்பைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு இடுப்புக்குக் கை கொண்டுவந்தார். பின்னால் நகர்ந்தேன், அந்தப் பக்கம் பாலத்தின் உடைந்த விளிம்பு. ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னபோது சிரித்தார். "புதுப் பையன்க்கா, ஆர்வத்துல பண்ணிட்டான்." அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் சிரித்த முகமாக நின்ற படங்கள் உங்கள் இன்ஸ்டாகிராமில் இன்னும் இருக்கின்றன. நன்றாகவே வந்திருக்கின்றன.

நான்கு படத்தில் இரண்டு வந்தது. என் நிறத்தை இரண்டு மூன்று படி வெளுக்க வைத்திருந்தார்கள். டஸ்கி ஸ்கின்தான் வேண்டும் என்று கேட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஏழு மாதம் கழித்துத் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, வில்லிவாக்கத்துல பார்லர் ஆரம்பிச்சிருக்கீங்களா? சொல்லவே இல்ல?" போய்ப் பார்த்தேன். பத்தடி ஃபிளெக்ஸ், அதில் பாலத்தில் நின்ற நான். பின்னால் பாலம் இல்லை, ரோஜாப்பூ இருந்தது. பார்லர் அக்கா பாவம். படத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்து வாங்கியதாகச் சொல்லி, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டினார். என் முகத்துக்காக அந்த அக்கா பணம் கொடுத்திருக்கிறார், கட்டணம் கட்டிய 14 பேரும் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய கை மட்டும் என்னுடையதில்லை.

சனிக்கிழமை வகுப்பில் படம் வரையக் கற்றுக்கொள்ள வரும் ஒரு வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னேன். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு ஃபோட்டோவின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான் என்றார். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் படம் உங்களுடையது என்பதாலேயே என் முகத்தை விளம்பரத்துக்கு விற்கலாம் என்று ஆகாதாம். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையைப் பத்திரிகையில் போடலாமா என்று நடந்த வழக்கு நம் ஊரில் வயதானவர்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். 1994-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த அந்தத் தீர்ப்பிலேயே, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதைத் தனியுரிமை மீறலுக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். "கேஸ் போடலாம்" என்றார். ஒரு வாய்தாவுக்கு ஒரு கேட்டலாக் நாள் போகும், நான் போடவில்லை. தொட வந்த விஷயத்துக்கும் வழி இருந்தது என்றார். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு, கம்பெனி என்று ஒன்று இல்லாமல் வேலை செய்கிற என்னைப் போன்றவர்களும் அங்கே போகலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். நான் அவரிடம் கேட்டது ஏழு மாதத்துக்கு அப்புறம். உங்கள் குழுவில் இருக்கும் பெண்களுக்காக இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

உங்களில் எல்லோரும் அப்படியில்லை. சேத்துப்பட்டுப் பெரியவர் ஒருவர் எடுத்த ஒவ்வொரு படத்தையும் பிரிண்ட் போட்டு, பின்னால் தேதி எழுதி, தபாலில் அனுப்புவார். வாரம் முழுக்க ஓஎம்ஆரில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, லென்ஸுக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டு, ஞாயிறு ஒரு நாள்தான் ஆசைக்கு என்று வருகிறீர்கள், அதுவும் தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் போனை அணைத்துவிடுகிற மாடல்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். அது தப்புதான்.

கொலாபே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. கேமரா வாங்கி மூன்று மாதம் ஆன பையனும், புதிதாக வந்த மாடலும், கோர்ஸ் முடித்த மேக்கப் பெண்ணும் சேர்ந்து ஒரு காலை செலவழித்தால் மூன்று பேருமே கற்றுக்கொள்கிறார்கள், மூன்று பேருக்குமே காசு கிடையாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஒருவர் டிக்கெட் விற்றுவிட்டால் அதற்கப்புறம் அது கொலாப் இல்லை. அரை நாளுக்கு நான் கேட்பது 3,000 ரூபாய். 14 பேர் பங்கிட்டால் தலைக்கு 215 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, 1959-இல் திறந்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, இங்கே பெரியமேட்டில் இருக்கும் ஓவியக் கல்லூரிக்குப் பல வருடம் முதல்வராக இருந்தவர். பாறையைத் தள்ளுகிற அந்த நாலு பேருக்கும் மாடலாக நின்றது கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் ஒரு மாணவரும் என்று சொல்வார்கள். அந்த வளைந்த முதுகை எத்தனை நிமிடம் வைத்திருந்தார்களோ, பஸ்ஸில் போகும்போது பார்த்தாலே எனக்குத் தோள்பட்டை வலிக்கும். உங்களில் ஒரு குழு அந்தச் சிலையடியில் ஒரு மே மாதம் ஃபோட்டோ வாக் வைத்தது. தலைப்பு 'உழைப்பு'. மாடல் நான். அதுவும் கொலாப்தான்.

சரி, என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தாள், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி, இரண்டு நாள் முன்னால். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிப்போம், பணம் எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். பணம் அன்றே கையில் வரட்டும், "அடுத்த வாரம் ஜிபே பண்றேன்" வேண்டாம். படத்தை உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள், போட்டிக்கு அனுப்புங்கள், சந்தோஷம். யாருக்காவது விற்பதாக இருந்தால் முதலில் என்னைக் கேளுங்கள், அதற்குத் தனிக் கணக்கு. இருபது நிமிடத்துக்கு ஒரு ரெஸ்ட். ஒருவர் ஒருவராக எடுங்கள், மற்றவர்கள் நிழலில் காத்திருக்கட்டும், லைட் எங்கேயும் ஓடிப்போகாது (சரி, காலை லைட் ஓடிப்போகும், அப்படியென்றால் ஆளைக் குறையுங்கள்). மடிப்பு கலைந்திருந்தால் வாயால் சொல்லுங்கள். என்னோடு ஒரு தோழி வருவாள், ஏன் வருகிறாள் என்று கேட்காதீர்கள், அவளுக்கும் டீ வாங்கிக் கொடுங்கள். நிறத்தை வெளுக்காதீர்கள். ஒன்பது வருடமாக மாணவர்கள் கறுப்புக் கரியால் என்னை வரைகிறார்கள், ஒருவரும் கரி போதவில்லை என்று சொன்னதில்லை.

வியாழக்கிழமை செய்தி அனுப்பிய தம்பிக்கு: இந்த ஞாயிறு எனக்குத் தோதுப்படாது, அடுத்த ஞாயிறு வர முடியும். காட்டன் சேலை இருக்கிறது, பூ இல்லாதது, கத்தரிப்பூ நிறம். எத்தனை பேர், எவ்வளவு பணம் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள். காசிமேட்டில் அந்த நேரத்தில் திறந்திருக்கிற பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று சனிக்கிழமை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சூளையிலிருந்து, உங்கள் படங்களில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தப் பொண்ணு