போர் மோட்டார் பார்த்துக் கொடுத்த அண்ணனுக்கு

அண்ணா, உங்கள் பெயர் தெரியாது. பெரியகுளத்தில் எங்கள் அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டில் வயரிங் வேலைக்கு வந்திருந்தீர்கள்.

எங்கள் போர் மோட்டார் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் ஆம்பியர் முள் எகிறும், உடனே டிரிப் ஆகும். முதலில் வந்தவர் மோட்டாரின் சுவிட்ச் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "காயில் போச்சு, மோட்டாரை மேலே தூக்கணும்" என்று சொல்லிவிட்டார். பைப் கழற்றும் கூலி, காயில் எனும் உள் கம்பிச்சுற்றைப் புதிதாகக் கட்டும் செலவு எல்லாவற்றுக்கும் அம்மா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

நீங்களாகவே வந்து என்னவென்று விசாரித்தீர்கள். மெயினை அணைத்துவிட்டு, மீட்டர் வைத்துச் சோதித்து, காயில் நன்றாக இருப்பதை அம்மாவுக்கே காட்டினீர்கள். ஸ்டார்ட்டிங் கண்டென்சர்தான் வயிறு வீங்கிக் கிடந்தது. அது போனால் மோட்டார் சுற்றத் தொடங்காமல் கரண்டை மட்டும் இழுக்குமாம். மாற்றியதும் தண்ணீர் வந்துவிட்டது.

அதோடு நீங்கள் போயிருக்கலாம். ஆனால் கருகியிருந்த ஒயர் முனையை வெட்டி, லக் எனும் புது உலோக முனையை அடித்தீர்கள். எல்லா ஸ்குரூவையும் இறுக்கி, உள்ளே கிடந்த பல்லி முட்டை வரை துடைத்தெடுத்து, மூடியின் உள்பக்கம் மார்க்கரால் தேதியை எழுதினீர்கள். "அடுத்து யார் வந்து பார்த்தாலும் தெரியணும்மா" என்றீர்கள். உங்கள் வேலைமீது உங்களுக்கு இருக்கும் மரியாதையை அதில்தான் பார்த்தேன். கண்டென்சர் விலையும் சின்னக் கூலியும் போக, அம்மா நீட்டிய மீதியை வாங்கவே இல்லை.

ரொம்ப நன்றி அண்ணா. பெரியகுளத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் அவரிடம் காட்டுங்கள். வீட்டு வயரிங்கை மாற்றப் போகிறோம். அவர்தான் செய்ய வேண்டும் என்று அம்மா காத்திருக்கிறார்.